இரண்டாம் இலக்கத்தில் பரியாரியார்

விசுவமடுவில் நான் வைத்திருப்பது போன் திருத்துகிற கடை. ரீலோட், போட்டோக் கொப்பி, லமினேற்றிங் எல்லாம் உண்டு. ஆனாலும் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் போன் திருத்துகிறவள் என்றுதான் சொல்வேன். செத்த போனைத் திறந்து, மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் வைத்து, மின்சாரம் எந்த இடம் வரைக்கும் வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தேடிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம். போன் பொய் சொல்லாது. பொய் சொல்கிறவர்கள் அதைக் கொண்டுவருகிறவர்கள்தான். சும்மா மேசையில் வைத்ததாம், தானாகவே நின்றுபோனதாம். திறந்தால் உள்ளே வாய்க்கால் தண்ணீர் நிற்கும். கண்ணூறு பட்டுவிட்டது என்று கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள்.

புதுப் போன் வாங்கினால் இராகுகாலம் கழியும் மட்டும் சிம் போட விடமாட்டார்கள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கடை வாசலில் காத்திருப்பார்கள். இதைச் செய்த ஆலையில் நேரம் பார்த்தா செய்தார்கள் என்று நான் பகிடி பண்ணுவேன். அவர்களும் சிரிப்பார்கள், ஆனால் எழும்பமாட்டார்கள். ஊரில் எனக்குக் கடவுள் இல்லை என்கிறவள் என்று பெயர். உண்மையில் கடவுளோடு எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் கிடையாது. காரணம் கேளாமல் நம்பு என்று யாராவது சொன்னால் மட்டும் உடம்பு எரியும்.

இவ்வளவு வாய் பேசின நான் ஒரு பெரிய பிழை செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வயலுக்குப் போகிறவர்கள் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். சேற்றில் விழுந்தாலும் துடைத்துவிட்டுப் பேசலாம், ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலு நாள் தாங்கும். அந்தப் போன்களில் ஒரு வசதி உண்டு. ஓர் இலக்கத்தை அழுத்திப் பிடித்தால், அதில் பதிந்துவைத்த ஆளுக்கு நேரே அழைப்புப் போய்விடும். கண் மங்கினவர்களுக்கும் வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் அது பெரிய உதவி. போனை வாங்கினவுடன் என்னிடம் நீட்டுவார்கள். மூன்றில் மகள், நாலில் மருமகன், ஐந்தில் உழவு மெசின்காரர் என்று கேட்டுக் கேட்டுப் பதிந்து கொடுப்பேன். இரண்டாம் இலக்கத்துக்கு மட்டும் கேள்வி இல்லை. அதில் விசகடிப் பரியாரியார்.

அவர் புதுக்குடியிருப்புக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறார். பாம்பு கடித்தவர்களுக்கு மந்திரம் ஓதுவார், நூல் கட்டுவார். ஒரு சதமும் வாங்கமாட்டார். சுகப்பட்டவர்கள் வெற்றிலை பாக்கோடு போய்க் கும்பிட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். முந்திய காலத்தில் கடிபட்டவரை அவரிடம் கொண்டுபோகக்கூடத் தேவையில்லை, ஒரு தூது போனால் போதும். தூது வந்தவர் எந்தக் காலை முன்வைத்து நின்றார், எந்தத் திசையைப் பார்த்துப் பேசினார், பேசும்போது உடம்பில் எங்கே தொட்டார் என்பதைக் கவனித்து, விசம் ஏறியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். போன் வந்ததும் தூது போகிற வேலை இல்லாமல் போயிற்று. இத்தோடு குறி பார்ப்பதும் ஒழிந்துவிடும் என்று நான் நினைத்தேன். மனிதர் விடவில்லை. எந்தக் கையில் போனைப் பிடித்திருக்கிறீர் என்று கேட்கத் தொடங்கினார். எத்தனையாவது மணியில் தான் எடுத்தேன் என்பதையும் குறியில் சேர்த்துக்கொண்டார்.

கிளிநொச்சியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகங்கள் பற்றிப் பேசுவோம். எல்லாரும் என்னைப் போலக் காரணம் கேட்கிற ஆட்கள். நான் இந்தப் போன் குறியை அங்கே ஒருநாள் நடித்துக் காட்டினேன். வயிறு நோகச் சிரித்தார்கள். மறுநாள் காலை கடையைத் திறந்து, வழக்கம்போல ஒருவருடைய போனில் இரண்டாம் இலக்கத்தில் அதே பரியாரியாரைப் பதிந்து கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. கேட்டதைச் செய்து கொடுப்பது கடை, நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு, ஒரு பொத்தானுக்கு என்ன கொள்கை வேண்டிக்கிடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அப்போது பெரும்போக அறுவடை. மெசின் வயலை வழித்துக்கொண்டு போன பிறகு, வரம்போரங்களில் அது எட்டாமல் விட்ட கதிர்களைப் பெண்கள் அரிவாளால் அறுப்பார்கள். என் கடைக்குப் பின்வளவில் குடியிருந்த பெண் அந்த வேலைக்குப் போயிருந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவள் பிறந்தது இங்கேதான், பேச்சு மட்டும் தாயின் பேச்சு. காலை பத்து மணியளவில் அவளுடைய கணுக்காலுக்கு மேலே புடையன் கடித்தது. வயல்காரர்கள் மிகவும் பயப்படுகிற, தடித்த, மெல்ல நகர்கிற பாம்பு அது. வயலில் பாம்பென்று சொல்லமாட்டார்கள். பூச்சி கடித்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடிவந்த அவளுடைய புருசன், சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து இரண்டாம் இலக்கத்தை அழுத்திப் பிடித்தான்.

வயல் கரையில் சாப்பாடு கொண்டுவந்த ஓட்டோ ஒன்று நின்றது. அதில் ஏற்றியிருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரி. ஆனால் பரியாரியார் எந்தக் கை என்று கேட்டார், வலக்கை என்று பதில் வந்தது. அது நல்ல குறியாம். வேப்பிலையைச் சப்பச் சொன்னார். அவள் சப்பிவிட்டுக் கசக்கிறது என்றாள். கசப்புத் தெரிந்தால் விசம் ஏறவில்லை என்பது அவருடைய பாடம். மூன்று தரம் விட்டு விட்டு ஓதவேண்டும், ஓதி முடியும் மட்டும் வாய்க்காலைத் தாண்டக்கூடாது என்றார். வயலுக்கும் தெருவுக்கும் நடுவில்தான் வாய்க்கால் ஓடுகிறது. பத்துப் பதினைந்து பேர் நின்ற இடத்தில் ஒருவருக்கும் அதைத் தாண்டத் துணிவு வரவில்லை. வெயிலில் அவளை வரம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, போனை அவளுடைய காதில் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் நின்றார்கள். அவள் மென்ற வேப்பிலையைத் துப்பியபோது எச்சிலில் இரத்தம் இருந்தது. பிறகுதான் ஓட்டோவுக்கு ஓடினார்கள்.

ஓட்டோ கடையைக் கடந்தபோது நானும் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் தாதி மிஸ் அவளுடைய கையில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் நிமிர்த்தி வைத்தார். இருபது நிமிசம் ஒருவரும் அதைத் தொடக்கூடாது. பிறகு மெல்லச் சரித்துப் பார்த்தார். நல்ல இரத்தமென்றால் அந்நேரம் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இது தண்ணீராக ஓடியது. பெரிய மெசின் ஒன்றும் இல்லை, ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு மணிக்கூடும்தான். யார் பார்த்தாலும் ஒரே பதில் வரும். பதற்றத்திலும் எனக்கு அந்தச் சோதனை பிடித்துப்போயிற்று. வேப்பிலை விசமில்லை என்று சொன்ன அதே உடம்பைப் பற்றித்தான் அந்தக் குழாய் உண்மையைச் சொன்னது.

ஊசி ஏற்றினார்கள். உயிர் தப்பினாள். ஆனால் பிந்திவிட்டது, சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், கழுத்தில் குழாய் வைத்து வாரக்கணக்கில் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வீட்டுக்கு வந்தபோது ஆளில் பாதிதான் இருந்தாள். சிறுநீரகம் முழுதாகத் திரும்பாது, வெயிலில் நின்று வேலை செய்யக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"அக்கா, நீங்க போட்டுக் குடுத்த நம்பர்தான் உதவிச்சு. ஒரே அழுத்துல ஐயா எடுத்துட்டாரு."

அவள் நன்றியாகத்தான் சொன்னாள். நான் அன்று பகல் சாப்பிடவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வழி திறந்து கொடுத்தது என் விரல்தான். பொத்தானுக்குக் கொள்கை இல்லை, சரி. பதிந்து கொடுத்தவளுக்கு இருந்திருக்க வேண்டாமா?

இனி ஒருவரும் அந்த வரம்பில் காத்திருக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். முதலில் என் கோபத்துக்குத் தெரிந்த வழியில் போனேன். கடைக்கு வந்த ஒவ்வொரு போனிலும் இரண்டாம் இலக்கத்திலிருந்து பரியாரியாரை எடுத்துவிட்டு, அம்புலன்ஸைப் போட்டேன். கேட்காமலே போட்டேன். கண்டுபிடித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் போனை மேசையில் வைத்து, "உம்மட கொள்கையை உம்மட போனில வையும்" என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால்தான் இன்னும் கூடக் கோபம் வந்தது. பலர் சந்தியில் இருக்கிற மற்றக் கடைக்குப் போனார்கள். பரியாரியாருடைய இலக்கம் எல்லாருக்கும் மனப்பாடம், நான் அழித்ததால் ஒன்றும் குறையவில்லை. அழுத்திப் பிடித்தவர்கள் இப்போது பத்து இலக்கத்தையும் தேடித் தேடி அழுத்தினார்கள். அதற்கும் நேரம் போனது.

அந்தப் பெண்ணைக் கடையில் வேலைக்கு எடுத்தேன். நிழலில் இருந்து லமினேற்றிங் செய்யலாம், போட்டோக் கொப்பி எடுக்கலாம். பரிகாரம் என்று ஊர் சொல்லும், நான் அப்படிச் சொல்லமாட்டேன். எனக்கு ஆள் தேவை, அவளுக்கு வேலை தேவை. ஒருநாள் மத்தியானம் சனம் இல்லாத நேரத்தில், அன்று வயலில் நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லக் கேட்டேன். எப்போது கடித்தது, எப்போது போன் எடுத்தது, எப்போது முதல் ஓதல், எப்போது இரண்டாவது. அவள் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது, நான் மல்டிமீற்றரின் முனையைப் பிழையான இடத்தில் வைத்திருக்கிறேன் என்று. இவ்வளவு நாளும் நம்பிக்கையைத் திருத்தப் பார்த்தேன். அவளுடைய சிறுநீரகத்தைத் தின்றது மந்திரம் அல்ல. காத்திருந்த அந்த நேரம்தான் தின்றது. மந்திரத்தை என்னால் அழிக்க முடியாது. காத்திருப்பை அழிக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் பிடித்துப் புதுக்குடியிருப்புக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் பரியாரியாருடைய வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் போலிச் சாமியார் ஒருவரை எதிர்பார்த்துச் சண்டைக்கு ஆயத்தமாகப் போயிருந்தேன். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த சாதாரண கமக்காரர். கதிரை கொண்டுவந்து போட்டார், தேத்தண்ணி வந்தது. இவள்தான் அன்று வயலில் கடிபட்ட பெண் என்று சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. வெற்றிலை கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கவேண்டும்.

நான் நடந்ததைச் சொன்னேன். வேப்பிலை கசந்ததையும், அந்நேரம் அவளுடைய இரத்தம் உறையாமல் ஓடியதையும் சொன்னேன். அவள் சட்டைக் கழுத்தை விலக்கிக் குழாய் வைத்த தழும்பைக் காட்டினாள். அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு வந்து கதிரையில் இருந்தார்.

"பிழைச்சவை வெத்திலையோட வருவினம், பிள்ளை. மற்றவை ஏன் என்னட்டை வரப்போகினம்? ஒருத்தரும் வந்து எனக்கு ஒண்டும் சொன்னதில்லை. எல்லாரும் பிழைச்சிட்டினம் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அதைக் கேட்டதும் என்னுடைய சண்டை பாதி கழன்றுபோயிற்று. அவருடைய வாழ்நாள் முழுக்க அவருக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். கடித்தது விசமில்லாத பாம்பானாலும் வெற்றிலை வரும், ஓதிவிட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தாலும் வெற்றிலை வரும். அந்த முற்றத்திலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அவரைப் பற்றி நடித்துக் காட்டிச் சிரித்த எங்களில் ஒருவர்கூட, பஸ்ஸேறி வந்து, ஐயா இன்னார் செத்துப்போனார் என்று சொன்னதில்லை. போரில் சனம் இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரங்களில் கிடந்த காலத்தில் ஊசியும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, கடிபட்டவருக்குப் பக்கத்தில் விடிய விடிய இருந்தவர் இவர்தான். அந்த நன்றியைச் சனம் இன்னும் வைத்திருக்கிறது. ஆனால் இப்போது ஊசி இருக்கிறது, ரோட்டும் இருக்கிறது.

நான் வந்த வேலையைத் தொடங்கினேன். ஓதவேண்டாம் என்று சொல்ல வரவில்லை என்றேன். போனில் ஓதினால் இங்கேயிருந்து மல்லாவி வரைக்கும் மந்திரம் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார். அப்படியென்றால் கடிபட்டவர் இருக்கிற இடம் முக்கியமில்லைத்தானே என்றேன். முக்கியமில்லைத்தான் என்றார், கொஞ்சம் சந்தேகத்தோடு.

"அப்ப, வரம்பில கிடக்கிற ஆளுக்கு வேலை செய்யிற மந்திரம் ஓடுற ஓட்டோவில இருக்கிற ஆளுக்கு வேலை செய்யாதோ, ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார். ஓடும்போது ஓதலாம் என்று அவருக்கு மந்திரம் பழக்கின அப்பு சொல்லிக் கொடுக்கவில்லையாம். போனில் ஓதலாம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தவரோ என்று கேட்டேன். இம்முறை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்கால் கதை வந்தது. வாய்க்காலுக்கு மேலாலும் சிக்னல் வருகிறதே என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் நெல்லை இன்னொரு முறை துழாவிவிட்டு வந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. இரத்தம் விட்ட கண்ணாடிக் குழாய்க்கு இருபது நிமிசம் கொடுக்க முடியுமென்றால், ஒரு மனிதருக்கும் கொடுக்கலாம்.

கடைசியில் சம்மதித்தார். யார் எடுத்தாலும் முதல் கேள்வி ஏறியாச்சோ என்பதாக இருக்கும். ஏறி, வாகனம் ஓடத் தொடங்கின பிறகுதான் ஓதுவார். ஆனால் அவருக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. இரண்டாம் இலக்கத்தில் தன்னைத் திரும்பப் போடவேண்டும், இல்லாவிட்டால் சனத்துக்குத் தன் சொல் எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டார். மற்றது, ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் விசாரித்து அவருக்குச் சொல்லவேண்டும். சுகமென்றாலும் சொல்லவேண்டும், இல்லையென்றாலும் சொல்லவேண்டும். என்னைப் போன்ற ஓர் ஆள் கேட்கவேண்டிய நிபந்தனையை அவர் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

புத்தகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. "நீ மூடநம்பிக்கைக்கு ஓட்டோ பிடிச்சுக் குடுத்திருக்கிறாய்" என்றார் ஒரு நண்பர். மற்றவர்களும் அதையே மெருகாகச் சொன்னார்கள். மந்திரத்துக்கு நான் புது உயிர் கொடுத்துவிட்டேனாம், இனிப் பிழைக்கிறவர்கள் எல்லாரும் மந்திரத்தால் பிழைத்ததாகச் சொல்வார்களாம். அது எனக்குச் சுட்டது, ஏனென்றால் அது உண்மை. அப்படித்தான் சொல்வார்கள், சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். வீடு வரும் வரைக்கும் பஸ்ஸில் இதைத்தான் யோசித்தேன். சனம் சரியான காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. பிழையான காரணத்துக்காகவென்றாலும் நேரத்துக்குப் போவது அதற்கு அடுத்தது. சரியான காரணம் வரும் மட்டும் வரம்பில் காத்திருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நாங்கள் கிளிநொச்சியில் கூடிப் பேசிக் கெட்டிக்காரர் என்று பெயரெடுப்பதற்காக இன்னொருத்தியுடைய கழுத்தில் குழாய் ஏறவேண்டுமா? அடுத்த கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. இரண்டு பேர் என்னோடு இப்போதும் சரியாகப் பேசுவதில்லை.

வந்த போன்களில் எல்லாம் பரியாரியாரை இரண்டில் திரும்பப் போட்டேன், இந்தமுறை கேட்டுப் போட்டேன். முதலில் ஏற்று, பிறகு அழுத்து என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன், பரியாரியாரே சொன்னவர் என்றும் சேர்த்துக்கொண்டேன். என் பேச்சுக்கு அசையாதவர்கள் அந்த ஒரு வசனத்துக்கு அசைந்தார்கள். அதிலும் எனக்கு எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. அந்தப் போகத்தில் கடிபட்டவர்களை நானும் அவளும் விசாரித்து, ஒவ்வொருவரைப் பற்றியும் அவருக்குப் போனில் சொன்னோம். ஒரு முதியவர் இறந்துபோனார், அதையும் சொன்னேன். எத்தனை மணிக்கு ஏற்றினவர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு ஒருநாள் தானாகவே சொன்னார், வேப்பிலையை விட்டுவிட்டாராம். எந்தக் கை என்றும் கேட்பதில்லையாம், கையில் போன் இருந்தால் போதுமாம்.

அடுத்த பெரும்போகத்தில் என்னைக் கடித்தது.

வயலில் அல்ல, கடைக்குப் பின்னால். பழைய பற்றரிகள் போட்டுவைத்த பெட்டிக்குப் பக்கத்தில் வெற்று உரப்பைகள் கிடந்தன. பின்னேரம் நாலு மணிக்கு ஒன்றை இழுத்தேன். பாதத்தின் மேற்பக்கத்தில் சுரீரென்றது. பைக்குள்ளேயிருந்து தடித்த உடம்பு ஒன்று மெல்ல வளைந்து போவதைக் கண்டேன். புடையன்தான். ஊருக்கெல்லாம் சொன்ன எதுவும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை, அப்படியே குந்திவிட்டேன். அவள்தான் ஓடிவந்தாள். கதிரையில் இருத்தி, காலை அசைக்கவேண்டாம் என்று சொல்லி, முன்னால் தரிப்பிடத்தில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டு, என்னை ஏற்றித் தானும் ஏறினாள். கடையைப் பூட்டக்கூட இல்லை. ஓட்டோ ரோட்டில் ஏறின பிறகு தன் போனை எடுத்து இரண்டாம் இலக்கத்தை அழுத்திப் பிடித்தாள். வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

"ஏறியாச்சு ஐயா. அக்காவத்தான் கடிச்சிருச்சு" என்றாள்.

பிறகு அவள் போனை என் காதில் வைத்தாள்.

"பிள்ளை, உனக்கு நான் ஓதேல்லை. நீ நம்பமாட்டாய், பேந்து அதுக்கும் என்னோட சண்டை பிடிப்பாய். எங்க நிக்கிறியள் எண்டு மட்டும் சொல்லிக்கொண்டு வா."

தருமபுரம் என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். முரசுமோட்டை இன்னும் வரவில்லை என்றேன். ஓட்டுகிறவரை மாடுகளைப் பார்த்துப் போகச் சொன்னார். கால் வீங்கிக்கொண்டு வந்தது, நோவு முழங்கால் வரைக்கும் ஏறியது. நான் பயந்தேன். இவ்வளவு காலமும் காரணம் பேசின வாயில், ஓதுங்கோ என்ற சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் ஓதியிருப்பார், நானும் அழுதிருப்பேன். கேட்கவில்லை. கொள்கையால் கேட்காமல் விட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் இடம் விடவில்லை. நான் வாய் திறக்கிற ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கிறியள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முரசுமோட்டை. பரந்தன் சந்தி. கரடிப்போக்கு. ஒவ்வொரு பெயரும் சொல்லும்போது அடுத்த பெயர் மட்டும்தான் தேவையாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் போனை வைக்க முன்னம் சொன்னார், "முடிஞ்சவுடனை எனக்குச் சொல்லச் சொல்லு, பிள்ளை. எப்பிடி முடிஞ்சாலும் சொல்லச் சொல்லு."

மிஸ் இரத்தம் எடுத்து அதே மாதிரிக் குழாயில் விட்டு நிமிர்த்தி வைத்தார். இருபது நிமிசமும் நான் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். சரித்தபோது ஓடியது. ஊசி ஏற்றத் தொடங்கினார்கள். உடம்பு குளிர்ந்து நடுங்கியது, அதற்கும் மருந்து தந்தார்கள். விறாந்தையில் அவள் அவருக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. எத்தனை மணிக்கு ஏறினோம், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தோம், இரத்தம் உறையவில்லை, மருந்து ஏறுகிறது. மூன்றாம் நாள் இரத்தம் உறைந்தது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை. டொக்டர் காரணம் சொன்னார், நான் கேட்காமலே: நேரத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கால் வீக்கம் வற்றினதும், சந்தையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். அவளும் வந்தாள். தட்டை நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை. தான் ஓதவில்லையே, இதை எப்படி வாங்குவது என்று கேட்டார். ஓதினதுக்கு இல்லை, ஏறியாச்சோ என்று கேட்டதுக்கு என்றேன். அவர் தட்டை வாங்கிப் பக்கத்துக் கதிரையில் வைக்கும்போது அவருடைய போன் மணியடித்தது. இரண்டாம் மணியில் எடுத்தார்.

"ஏறியாச்சோ?"

அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் குரல் பதறிக்கொண்டு என்னவோ சொன்னது. அவர் முழுதும் கேட்கவில்லை.

"அப்ப ஏறிப்போட்டு எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வெட்டினார்.

அவர் போனை முழங்காலில் வைத்தார். மறுபடி மணியடிக்கும் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.